அருள்செல்வியின் இரண்டாம் சனிக்கிழமைகள்

கருவூல அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஓய்வூதியக்காரன் ஆண்டுக்கொரு முறை நேரில் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். எனக்கு முன்னால் நான்கு பேர். அப்போதுதான் கீரனூர் வளாகத்து ஜோசப் கூப்பிட்டார்.

"ஐயா, எங்க இருக்கீங்க?"

"உயிரோட இருக்கேன்னு சொல்ல வந்திருக்கேன்" என்றேன், வழக்கமான எரிச்சலோடு.

"மேடம் காலையில போயிட்டாங்கய்யா" என்றார்.

எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் மூன்று வளாகங்களிலும் பெயர் சொல்லாமல் மேடம் என்றால் அது புதுக்கோட்டை வளாகத்துத் தாவரவியல் பேராசிரியர் அருள்செல்விதான். என்னைவிடப் பதினோரு வயது இளையவர். என் முறை வந்தபோது விரலை வைத்தேன். இயந்திரம் என்னை ஏற்றுக்கொண்டது.

மறுவாரம் பல்கலைக்கழகம் இரங்கல் தீர்மானம் போட்டது. அவர் வகித்த பதவிகள், இருந்த குழுக்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. இரண்டாம் சனிக்கிழமை பற்றி ஒரு வரி இல்லை. கோப்பில் ஏறாத எதுவும் நடக்கவே இல்லை என்று நினைக்கிறவர்களை நான் என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வரியை நான் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் படியுங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஆவுடையார்கோவில் வளாகத்தில் நூலக உதவியாளனாகச் சேர்ந்தவன் நான். அடுக்கி வைத்த புத்தகங்களைப் படித்தேன். தபாலில் பட்டம் வாங்கினேன், தபாலிலேயே முதுகலையும் வாங்கினேன். வரலாற்று விரிவுரையாளராக உள்ளே வந்தேன். என்னைவிடப் பின்னால் வந்தவர்களெல்லாம் துறைத் தலைவர்கள் ஆனார்கள். என் விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. இதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இந்தக் கோபத்தோடுதான் நான் விடைத்தாள் திருத்தினேன் என்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் எனக்கு வெகுகாலம் பிடித்தது.

எல்லாம் ஒரு மாணவனின் கேள்வியில் தொடங்கியது. அவனும் அவன் மாமன் மகனும் ஒரே பாடம், ஒரே பல்கலைக்கழகம். ஒருவன் கீரனூரில், ஒருவன் ஆவுடையார்கோவிலில். இரண்டு பேரும் ஒரே கட்டுரையைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பதினைந்துக்குப் பன்னிரண்டு, இங்கே ஐந்து. "அங்கிட்டுப் படிச்சா பாஸு, இங்கிட்டுப் படிச்சா பெயிலா?" என்று அவன் எங்கள் வளாக அலுவலகத்தில் வந்து நின்றான். பார்த்து எழுதியதற்காக அவனைத் திட்டி அனுப்பினோம். அருள்செல்வி மட்டும், "பயல் கேட்டதுல என்ன தப்பு?" என்றாராம்.

அடுத்த மாதம் மூன்று வளாக ஆசிரியர்களையும் புதுக்கோட்டைக்கு அழைத்தார். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை நாள், பயணப்படி கிடையாது, பதவி உயர்வுக்கும் உதவாது. நான் சண்டை போடுவதற்காகவே பஸ் ஏறினேன்.

தாவரவியல் ஆய்வகத்து நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஏதாவது ஒரு வளாகத்து மாணவரின் தேர்வு விடை, பெயரும் எண்ணும் இல்லாமல், ஆளுக்கொரு நகலாக வரும். கையெழுத்தை வைத்து யாரென்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அருள்செல்வியே அதைத் தன் கையால் எழுதி எடுத்துவருவார். "பிள்ளையோட பிழையத் திருத்தாம எழுதறதுதான் கஷ்டம். கை தானா திருத்தப் பாக்குது" என்பார். எல்லோரும் தனித்தனியே நகலின் மேலே பென்சிலில் மதிப்பெண் போட்டு, அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுவார். முதல் நாள் ஒரே விடைக்குப் பத்துக்கு இரண்டிலிருந்து ஒன்பது வரை வந்தது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாராவது ஒருவர் தான் செய்த தவறு ஒன்றை மேசைமேல் வைக்காமல் கூட்டம் தொடங்காது. "முதல்ல நம்ம தப்பு, அப்புறம் பிள்ளைங்க தப்பு" என்றார். யாரும் வாய் திறக்காததால் தானே வைத்தார். வறண்ட நிலத்துத் தாவரம் தண்ணீரை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறார். விடைக்குறிப்பில் சப்பாத்திக்கள்ளி. ஒரு பெண் வேலிக்கருவேலை எழுதியிருக்கிறாள், சின்ன இலை, ஆழத்துக்குப் போகிற வேர் என்று காரணத்தோடு. "குறிப்புல இல்லேன்னு அஞ்சுக்கு ஒண்ணு போட்டேன். அவ தன் வீட்டுக் கொல்லையில நிக்கிறதப் பாத்து எழுதியிருக்கா. நான் புத்தகத்தப் பாத்துத் திருத்தியிருக்கேன்." சிரிக்காமல், அழாமல், ஆய்வகத்தில் ஒரு செடியைக் காட்டுகிற மாதிரிச் சொன்னார்.

நான் எழுந்தேன். "இதெல்லாம் மனசு தளர்ந்தவங்களுக்கு, மேடம். எத்தனை வருஷம் கழிச்சு, எந்தத் தாளக் குடுத்தாலும் நான் போட்ட மார்க்கு மாறாது. வேணும்னா பழைய கட்டு ஒண்ணு தாரேன், பாத்துக்கங்க."

"தாங்க ஐயா" என்றார்.

அடுத்த முறையே என் பழைய தேர்வுத்தாள் கட்டொன்றைக் கயிறு கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜோசப் கேலி செய்தார்: "ஐயா, சிவப்பு மையில பாதி, பிள்ளைங்க எழுதுனது பாதியா?" அருள்செல்வி கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அந்தச் சனிக்கிழமைகளில் பலவும் கைமாறின. இந்தக் கேள்வியில் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று தேர்வுக்கு முன்பே மாணவர் கையில் எழுதிக் கொடுப்பது புதுக்கோட்டையிலிருந்து எங்களிடம் வந்தது. எழுதத் திணறுகிறவனை வாய்மொழியாக ஒருமுறை கேட்டுப் பார்ப்பது கீரனூரில் செய்தது. திருத்திய தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓரத்தில் ஒரு வாக்கியமாவது எழுத வேண்டும் என்பது அவருடையது. நான் அதை எதிர்த்தேன். நூற்றிருபது தாளுக்கு நூற்றிருபது வாக்கியமா என்றேன். "மார்க்குங்கறது தீர்ப்பு இல்ல ஐயா. அது அந்தப் பிள்ளைக்கு நாம எழுதற பதில் கடுதாசி. பதில்ல வெறும் எண்ணை மட்டும் எழுதி அனுப்புவோமா?" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எழுதினேன்.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை வரலாற்று விடை ஒன்று வந்தது. சமஸ்தான காலத்து நீர்ப்பாசனம் பற்றிய கேள்வி. எழுதிய மாணவர் வகுப்புக் குறிப்பை விட்டுவிட்டு, தன் ஊர்க் கண்மாயில் மடை திறக்கிற முறை, யார் வயலுக்கு முதலில் தண்ணீர், தகராறு வந்தால் யார் பேச்சு எடுபடும் என்று எழுதியிருந்தார். நன்றாக இருந்தது. பத்துக்கு ஏழு போட்டேன். எல்லோரும் ஆறிலிருந்து எட்டுக்குள். எங்கள் எண்கள் இவ்வளவு நெருங்கி வந்தது அன்றுதான். நானே கைதட்டினேன்.

மாலையில் பேருந்து நிலையம் வரை அருள்செல்வி கூடவே வந்தார். நான் ஏறும் அறந்தாங்கி வண்டி நிற்கும் இடத்தில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அதே விடை, மாணவியின் கையெழுத்தில். மேலே என் சிவப்பு மை: மூன்று.

போட்ட மதிப்பெண் மாறாது என்று பெருமை அடித்தவன் விடையையே மறந்திருந்தேன்.

"வேணும்னுதான் செஞ்சேன் ஐயா. நீங்க சவால் விட்டீங்க" என்றார். "ஆனா இது நமக்குள்ளதான். சொல்றதுன்னா நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

"பேர ஏன் மறைக்கல?"

"உங்க தாளு. உங்களுக்குத் தெரியணுமில்ல."

பெயரைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. கடைசி பெஞ்சு, சாந்தி. அந்தக் கண்மாயை வெட்டியது இன்னார் என்று நான் பாடம் நடத்தியபோது எழுந்து, "சார், இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டவள். மரியாதையாகத்தான் கேட்டாள். தபாலில் படித்தவன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மறுவாரத் தேர்வில் நான் திருத்தியது அவள் விடையை அல்ல, அவள் கேள்வியை. அந்தத் தாளால் அவளுடைய அகமதிப்பீடு இறங்கியது. முதல் வகுப்பு கை நழுவியது. என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர்களை நான் எத்தனை திட்டியிருக்கிறேன்!

மூன்று மாதம் கூட்டத்துக்குப் போகவில்லை. ஒவ்வொரு மாதமும் அவரிடமிருந்து செய்தி வரும்: "ஐயா, இரண்டாம் சனிக்கிழமை. டீயோடு வடையும் உண்டு." நான்காம் மாதம் போனேன். எங்கே போயிருந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஓய்வு பெற்ற பிறகும் போய்க்கொண்டிருந்தேன். ஆறு வருடம் அந்தத் தாள் என் பையிலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும், முதல்ல யாரு என்று அவர் மேசையைச் சுற்றிப் பார்ப்பார். என்மேல் அவர் பார்வை ஒருபோதும் கூடுதலாக ஒரு நொடி நின்றதில்லை.

கடைசி ஆண்டில் புற்றுநோய்ச் சிகிச்சையால் அவருக்கு முடி போய்விட்டது. தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார். எழுத முடியாமல் விரல் மரத்துப்போனதால், அந்த மாத விடையை நகலெடுக்கத் தனக்கு நான்கு நாள் ஆனதென்றும், ஓர் இடத்தில் பிள்ளையின் பிழையைத் தெரியாமல் திருத்திவிட்டதாகவும் சொன்னார். அன்று மேசைமேல் அவர் வைத்த தவறு அதுதான்.

அவர் போன பிறகு வந்த இரண்டாம் சனிக்கிழமை பதினொரு பேர் வந்திருந்தோம். அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. இனி மதிப்பீட்டு முறைகளைக் கணினிப் படிவத்தில் நிரப்பி அனுப்பினால் போதும், நேரில் கூட வேண்டியதில்லை என்று சுற்றறிக்கை வந்திருந்தது. கீரனூர் தேன்மொழி, எல்லோரிலும் இளையவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம் இல்லாம யாரு ஆரம்பிக்கிறது? கலைஞ்சிரலாமா சார்?"

ஜோசப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அவர் எழுந்திருந்தால் எல்லோரும் எழுந்திருப்பார்கள். அத்தோடு முடிந்திருக்கும்.

"ஒக்காருங்க" என்றேன். பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தேன். மூன்றையும் காட்டினேன், ஏழையும் சொன்னேன். ஏன் மூன்று என்பதையும் சொன்னேன். கடைசிவரை சொன்னேன். இதுவரை நான் எதையும் பாதியில் விட்டதில்லை.

முடித்ததும் ஜோசப் பையைக் கழற்றி வைத்தார். "ஆறு வருஷமா இத மறைச்சு வச்சுக்கிட்டா எங்க ஒவ்வொருத்தர் தப்பையும் கேட்டுத் தலைய ஆட்டுனீங்க?"

"ஆமா."

"நல்லா ஆட்டுனீங்கய்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும். தேன்மொழி தன் பையைத் திறந்து, "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்று ஒரு தாளை எடுத்தார். கூட்டம் மூன்று மணி வரை நடந்தது. அடுத்த மாத விடையைக் கையால் நகலெடுக்கும் வேலையைத் தேன்மொழியே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சாந்திக்குக் கடிதம் எழுதினேன். மூன்று போட்ட அசல் தாளை அதோடு வைத்து அனுப்பினேன். இப்போது அவர் ஒரு பள்ளியில் ஆசிரியை. பத்து நாளில் பதில் வந்தது. மன்னித்தேன் என்றும் இல்லை, பரவாயில்லை என்றும் இல்லை. முதல் வகுப்பு போனதில் வீட்டில் பட்ட பாட்டை நான்கு வரியில் எழுதியிருந்தார். அதை நான் படிக்க வேண்டியதுதான். கடைசி வரி இது: "சார், அன்று நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

என் அலமாரியில் இருந்த அத்தனை புத்தகங்களையும் புரட்டிவிட்டேன். எதிலும் இல்லை. யாரோ சொன்னதை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். வருகிற இரண்டாம் சனிக்கிழமை மேசைமேல் வைக்க என்னிடம் இன்னொரு தவறு தயாராக இருக்கிறது. அதற்கு முன் சாந்திக்கு எழுதிவிடுவேன்.

அருள்செல்வியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு தாள். அவர் கையெழுத்தில் ஒரு மாணவியின் விடை, பிழைகள் திருத்தப்படாமல். அதன் மேலே பென்சிலில் நான் போட்ட ஏழு. அதன் ஓரத்தில் அன்று வாக்கியம் எதுவும் எழுதாமல் விட்டிருந்தேன். நேற்றுதான் எழுதினேன்: "நன்றாகக் கேட்டாய்."