பீரோவில் பூட்டிய லேப்டாப்

என் கல்யாணச் சீரில் குத்துவிளக்குக்கும் வெள்ளித் தாம்பாளத்துக்கும் நடுவே ஒரு லேப்டாப் இருந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல், மேலே மஞ்சள் ரிப்பன் கட்டி வைத்திருந்தார் அப்பா. சீர் பார்க்க வந்தவர்கள் குத்துவிளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதில் அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். அப்பா தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். ஒரே ஒரு கம்பெனியின் பொருளைத்தான் விற்பார். விலை கூடிய கம்பெனி. பெயர் சொல்ல வேண்டாம். அந்தக் கம்பெனி செய்வதிலேயே ஆகப் பெரியது, ஆகக் கனமானது எதுவோ அது எனக்கு வந்தது.

வீரகேரளம்புதூரில் என் மாமியார் வீட்டுக்கு அது வந்து சேர்ந்த அன்றைக்கே பீரோவுக்குள் போய்விட்டது. பட்டுப்புடவைகளுக்குக் கீழே, வீட்டுப் பத்திரங்களுக்கு மேலே. அத்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. விலை கூடிய பொருள் எதுவானாலும் அவருக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு வெளியே எடுப்பார். சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் படைத்து, மறுநாள் உள்ளே வைத்துவிடுவார். முதல் வருடம் பொட்டு சரியாகக் கம்பெனி முத்திரையின் மேல் விழுந்துவிட்டது. அதைத் துடைக்கவும் விடவில்லை.

இப்படியே மூன்று வருடம் போனது. நான் வேளாண்மை படித்தவள். படித்ததற்கு வேலை கிடைக்காமல், வீட்டுக்குப் பின்னால் நாலு வெண்டைச்செடி வைத்து என் படிப்பைக் காட்டிக்கொண்டிருந்தேன். என் கணவருக்குப் போலீஸ் வேலை. வீட்டில் இருக்கும் நேரத்தில் தூங்குவார், எழுந்தால் டியூட்டி. வெண்டைக்காய் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருடம் குற்றால சீசன் தொடங்கும் சமயத்தில் அந்த வேலை வந்தது. காய்கறி வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் பாவூர்சத்திரத்தில் ஆள் எடுத்தது. காலையில் மார்க்கெட்டில் நின்று என்னென்ன வரத்து என்று பதிய வேண்டும். பிறகு ஊர் ஊராகப் போய் யார் என்ன விதைத்திருக்கிறார், எப்போது அறுப்பு என்று வயலில் நின்றே பதிய வேண்டும். எனக்கென்றே யாரோ யோசித்து உண்டாக்கிய வேலை. எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு நிபந்தனை சொன்னார்கள். லேப்டாப் என் சொந்தமாக இருக்க வேண்டும், தினமும் கொண்டுவர வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதி அதோடு வந்து சேராவிட்டால் பட்டியலில் அடுத்து இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

“லேப்டாப்தானே? எங்கள் வீட்டில் ஆகப் பெரியதே இருக்கிறது” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வாய் அப்படி.

பயிற்சிக்கு ஒரு நாள் வரச் சொன்னார்கள். பீரோவைத் திறக்கவே அத்தைக்கு மனமில்லை.

“அம்புட்டு வெல போட்டு உங்க அப்பா செஞ்சது. அதப் பஸ்ஸுல தூக்கிட்டுப் போவியா?”

“வேலைக்கு வேணும்லா அத்தை.”

“வேல குடுக்குதவுக அதையும் சேத்துல்லா குடுக்கணும்.”

கடைசியில் அவரே அதை ஒரு துண்டில் சுற்றி, மேலே பாலிதீன் உறை போட்டு, இன்னொரு துண்டும் சுற்றிக் கொடுத்தார். எந்தப் பையிலும் அது நுழையவில்லை. பஸ்ஸில் மடியில் கிடத்தி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு மேலுக்கு முடியலையாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

மார்க்கெட்டில் அதைப் பிரிக்கவே முடியவில்லை. ஒரு பக்கம் வெங்காயச் சருகு பறக்கிறது, ஒரு பக்கம் தக்காளிப் பெட்டி ஒழுகுகிறது, சுமைதூக்குகிறவர்கள் “வழி, வழி” என்று முதுகை உரசிக்கொண்டு போகிறார்கள். மேலே சாரல் வேறு. நான் அந்த மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி ஒற்றைக் கையால் பேப்பரில் எழுதினேன். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். “பேப்பர்ல எழுதுததுக்கு நாங்க ஆள் எடுக்கல மேடம்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குத் தேவை என்ன என்பது அன்றைக்கே விளங்கிவிட்டது. கைப்பையில் போடும் அளவுக்குச் சின்னதாக, விலை குறைந்ததாக ஒன்று. கீழே விழுந்தால் ஐயோ என்று ஒரு தடவை மட்டும் சொன்னால் போதுமான ஒன்று. நேராக அப்பா கடைக்குப் போனேன்.

“சின்னதா நம்ம கம்பெனில கெடையாதே” என்றார்.

“வேற கம்பெனில வாங்கிக்கிடுதேன்.”

கடையில் இருந்த ஒரே வாடிக்கையாளர் வெளியே போகும்வரை அப்பா பேசவில்லை. பிறகு, “ஏட்டி, எம் மவளே வேற கம்பெனி சாமானத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுல நின்னா, நாளைக்கு எவன் நம்ம கடைப் படி ஏறுவான்?” என்றார்.

பெரியதைக் கொண்டுபோக முடியாது. சின்னதை எங்கள் கம்பெனி செய்யாது. செய்கிற கம்பெனியை என் அப்பா வீட்டுப்படி ஏற்றமாட்டார். முதல் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அப்பா சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். “வயித்தக் கட்டி வாயக் கட்டிப் பெருசு வாங்குனவன், அதே பேருல கொறஞ்ச வெலைக்கு ஒண்ணு வந்தா என்ன நெனப்பான்? ஏமாந்துட்டோம்னு நெனைப்பானா மாட்டானா? கொறஞ்ச வெலைக்குச் செஞ்சா ஆறு மாசத்துல கீபோர்டுல ஒரு எழுத்து வுழுந்துரும். அவன் கம்பெனிக்கா போவான்? எங்கிட்டல்லா வந்து கத்துவான்” என்று அவர் அடுக்கும்போது யாருக்கும் சரி என்றுதான் படும். நான் விடவில்லை. “நம்ம கடைக்கு ரிப்பேருக்கு வாரது எல்லாம் என்னப்பா வாசம் அடிக்கி?” என்று கேட்டேன். பீரோவில் போடும் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். பயன்படுத்தாமலே பேட்டரி உப்பிப்போய் வரும் லேப்டாப்புகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். அப்பா ஸ்க்ரூடிரைவரைத் தேடத் தொடங்கினார். அது அவர் கையிலேயே இருந்தது.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக் கூட்டம் வந்தது. சித்திரையில் எந்த அதிகாரியும் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்த மறுவாரம், எல்லாத் துறைக்கும் குற்றாலத்தில் ஆய்வுக் கூட்டம் வைத்தே ஆக வேண்டிய அவசரம் வந்துவிடும். அப்பாவின் கம்பெனியும் தென்மாவட்டக் கடைக்காரர்களை எல்லாம் ஒரு லாட்ஜ் அரங்கத்துக்கு வரச்சொன்னது. பேசவேண்டிய விஷயத்தைக் கடிதத்தில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் கம்பெனியும் சின்னதாக, விலை குறைந்த லேப்டாப் போடலாமா, கூடாதா?

மூத்தவர் என்று அப்பாவைப் பேசச் சொல்லியிருந்தார்கள். வந்திருந்த மேலாளர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்ல நான் போக வேண்டும்.

“நான் சொல்லுதத அப்படியே சொல்லணும். ஒஞ் சரக்கு எதையும் சேக்கக் கூடாது” என்று ஸ்கூட்டரில் போகும்போதே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

பத்து மணிக் கூட்டம் பன்னிரண்டுக்குத் தொடங்கியது, எல்லோரும் குளித்துவிட்டு வரவேண்டுமே. மேலாளர் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, காதோரம் எண்ணெய் மினுங்க, கையில் ஒரு பை மங்குஸ்தானோடு வந்தார். கூட்டம் எப்படி முடிந்தாலும் அவருக்குச் சம்மதம்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சின்னது வேண்டவே வேண்டாம் என்று அப்பா நன்றாகப் பேசினார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். என் வேலைக்கு நானே குழி வெட்டுகிறேனே என்ற கோபத்தில் என் குரல் ஏறிக்கொண்டே போனது. அப்பா சாதாரணமாகச் சொன்னதை நான் மேசையைத் தட்டிச் சொன்னேன். கைதட்டல் பலமாக விழுந்தது. அந்த உற்சாகத்தில் அப்பா கடைசியாக ஒன்று சேர்த்தார்: “எம் மவ கல்யாணத்துக்கே நான் நம்ம கம்பெனியில ஆகப் பெருசத்தான் குடுத்தேன்.”

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மேலாளர் மகிழ்ந்துபோய் என் பக்கம் திரும்பினார். அது எப்படி இருக்கிறது, தினமும் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார்.

“என்ன கேக்காரு?” என்றார் அப்பா.

“அந்த லேப்டாப்ப நான் எதுக்கு வச்சிருக்கேன்னு கேக்காரு.”

“உள்ளதச் சொல்லு” என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சொல்லிவிட்டேன். மூன்று வருடமாகப் பீரோவில் இருக்கிறது, பூஜைக்கு மட்டும் வெளியே வரும், வேலைக்குக் கொண்டுபோகப் பயமாக இருக்கிறது, அதனால் கிடைத்த வேலை போகப்போகிறது. ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லும்படி எல்லோரும் கேட்டார்கள், தமிழிலும் சொன்னேன். பிறகு கடையநல்லூர்க் கடைக்காரர் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“எங்க வீட்டுலயும் பீரோவுலதாம்மா கெடக்கு. சாவிய எம் பொண்டாட்டி எங்கிட்டயே தரமாட்டா.”

“எம் மருமவன் வீட்டுல அதுக்குத் தனியா ஒரு தலவாணி உறை தச்சிருக்காவ” என்றார் இன்னொருவர். அரங்கமே சிரித்தது. மேலாளர், என்ன என்ன என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல அவரும் சிரித்தார். சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வீரம் எல்லாம் வடிந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்கு அழுகை முட்டியது.

எல்லாக் கருத்தையும் மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொல்லி மேலாளர் கூட்டத்தை முடித்தார். மேலிடத்திலிருந்து இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

திரும்பும்போது சாரல் வலுத்துவிட, வழியில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். இரண்டு டீ சொல்லிவிட்டு அப்பா கேட்டார்.

“மூணு வருசமா ஒரு நாளுகூட தொறக்கலையாட்டி?”

“தொறந்தேன்ப்பா. ஆனா அடுத்தாப்புல அத்தை நின்னுக்கிட்டே இருந்தாவ. மூடி வச்சுட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஆசையாக் குடுத்தீய. எப்படிச் சொல்ல?”

அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். “மொத தேதி என்னைக்கு?” என்றார். நாளைக்கழித்து என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா நனைந்த குடையோடு எங்கள் ஊரில் பஸ்ஸில் வந்து இறங்கினார். காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போயிருக்கிறார். தென்காசியில் அவர் இன்னொரு கம்ப்யூட்டர் கடைக்குள் கால் வைத்தால், காலை வெளியே எடுப்பதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். பையிலிருந்து ஒரு சின்ன லேப்டாப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருந்தது.

“ரேம்னா என்னன்னு அந்தப் பய எனக்குச் சொல்லிக் குடுக்கான். நானும் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டேன்” என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கீபோர்டை இரண்டு தட்டுத் தட்டி முகம் சுளித்தார். “ஒரு வருசம் தாங்கும். ஸ்கிரீன் சுமாரு. ஆனா கனமே இல்ல.”

அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தனூண்டா இருக்கு. இதுக்கு எதுக்குப் பீரோ? மேசையிலயே கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார்.

“கடைக்குப் பேரு கெட்டுரும்னீயளே அப்பா?”

“கெட்டா கெட்டுட்டுப் போவுது. நீ வேலைக்குப் போ.”

முதல் தேதி காலை மார்க்கெட்டில் சின்ன வெங்காய மூட்டை ஒன்றின் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். சருகு பறந்து வந்து கீபோர்டில் விழுந்தது, ஊதிவிட்டு எழுதினேன். சாரல் தூறியது; துப்பட்டாவால் துடைத்துவிட்டு எழுதினேன். அரை மணி நேரத்தில் பத்து வண்டியின் வரத்தைப் பதிந்துவிட்டேன். அப்போது ஒரு வெங்காய வியாபாரி பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்த்தார்.

“நீ தென்காசி கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி மவல்லா? இது அவுக கம்பெனி இல்லையே?”

ஆபீஸில் கொடுத்தது என்று சொல்லிவிடலாம் என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். ஆனால் வாயில் அது வரவில்லை.

“இல்ல அண்ணாச்சி. எங்க அப்பாவே திருநவேலிக்குப் போயி எனக்குன்னு வாங்கிட்டு வந்தாவ.”

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். “அண்ணாச்சியே வாங்கினாவளா? அப்ப எம் மவளுக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கித் தரச் சொல்லு. காலேஜுக்கு வேணுங்கா.”

அவர் அந்தப் பக்கம் போனதும் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“அது கெடக்கட்டும். நீ எழுத ஆரம்பிச்சிட்டியா?”

“பத்து வண்டி முடிச்சிட்டேன்ப்பா.”

“பத்தா?” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, வையி. வேல நேரத்துல என்ன பேச்சு?” என்று அதட்டினார்.