குளிர் அறையின் திறப்பு

நெடுந்தீவில் எங்கள் அரச அலுவலகத்தில் ஏசி பொருத்திய அறை ஒன்றுதான். அதற்குள் இருந்தது கணினி வலையமைப்புப் பெட்டி. இருபது வருடம் வேலை செய்த நான் வெளியே வேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதன் தீவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பெட்டியைவிட அதைப் பார்க்க வருபவன்மேல் எரிச்சல் கூட. பராமரிப்பை எடுத்த தனியார் நிறுவனத்தின் ஆள், மாதம் ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வருவான். அறையின் ஒரே திறப்பு அவனுடைய இடுப்புச் சாவிக்கொத்தில். மேலதிகாரி எழும்பிக் கதிரை கொடுப்பார். மத்தியானம் நண்டுக்கறி. எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு நண்டுக்கால்கூட வந்ததில்லை.

ஒருநாள் அவன் நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த அறைக்குள் குளிர் வாங்கப் போனேன். கை சும்மா இருக்கவில்லை. ஒரு வயரை விழுந்துவிடாமல் இளக்கி வைத்தேன். அவன் போகமுதல் எல்லாம் நின்றுவிடும், மேலதிகாரிக்கு முன்னால் முழிப்பான் என்பது என் கணக்கு.

அவன் கதவைப் பூட்டிக்கொண்டு படகுக்கு ஓடினான். படகு வெளிக்கிட்டபிறகுதான் இணைப்பு போனது. செருகிவிட ஒரு நிமிடம் போதும். திறப்போ கடலில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நாளே காற்று எழும்பிப் படகுகள் நின்றன.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு வந்த ஒரு அக்கா இரண்டாம் நாளும் வெறுங்கையோடு திரும்பினார். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“ஆர் இதுக்குப் பொறுப்பெண்டு கேட்டு அந்தக் கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதும்.”

எழுதினேன். அரச அறையின் திறப்பு ஏன் தனியாரிடம் மட்டும் இருக்கிறது என்றும் கேட்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் கேட்ட உருப்படியான கேள்வி அது. அனுப்பமுதல் படகு ஓடத் தொடங்கியது, அவன் வந்துவிட்டான்.

உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தான். அறிக்கையில் “உப்புக் காற்றால் பழுது, சரிசெய்யப்பட்டது” என்று எழுதி என்னிடம் நீட்டினான். அதன் கீழே, நாலாக மடித்தபடி, நான் வேர்வை துடைக்கும் லேஞ்சி. வயரை இளக்கிய அன்று பெட்டிக்கு மேல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

“அண்ணை, வேர்த்தா என்னட்டைக் கேளுங்கோ. கதவைத் திறந்து விடுறன்.”

கையொப்பம் வைத்தேன். கடிதத்தைக் கிழித்தேன். அன்றைக்கும் அவனுக்கு நண்டுதான்.

இப்போது மாதம் ஒருமுறை குளிர் அறையில் அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அவன் நீட்டும் தாள்களை வாசிக்காமலே கையொப்பம் வைக்கிறேன். நண்டு இன்னும் வரவில்லை.