மாடியில் இருந்த நாயகி

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி என் மேஜையில் ஒரு பச்சை மைப் புட்டியையும் கையெழுத்திட்ட ஒரு தாளையும் வைத்தார். "காலைல டைப் அடி. மத்தியானம் இந்தக் கையெழுத்தைப் போட்டுப் பழகு" என்றார். அவருடைய படங்களில் நடித்த நாயகியின் கையெழுத்து அது. அந்த அம்மா உடம்பு சரியில்லாமல் ஊட்டியில் இருப்பதாகவும், ரசிகர் கடிதங்களுக்கு அவர் பெயரில் நான் பதில் எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

அறுபதுகளின் நடுவில், செம்பூரில் உயர்ந்த மதில் சூழ்ந்த பழைய பங்களா ஒன்றில் முதலாளிக்கு வீடும் ஆபீசும் இருந்தன. நான் மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். அப்பா படுக்கையில் இருந்தார். வேறு வேலை தேட எனக்குத் தைரியமில்லை. முதலாளியும் கெட்டவராகத் தெரியவில்லை. தாராவித் தெருக்களில் திரை கட்டிப் படம் காட்டி, படிப்படியாக மேலே வந்து, மூன்று வெற்றிப் படங்கள் எடுத்தவர். நாலாவது பாதியில் நின்றிருந்தது.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. விசிறியின் இரைச்சல் அடங்கியதும் மாடியில் யாரோ நடப்பது கேட்டது. ஏறிப் போனேன். பூட்டிய கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா நின்றிருந்தார். இடது கன்னம் வெந்து சுருங்கியிருந்தது. படப்பிடிப்பில் செட் தீப்பிடித்ததாம். வெளியே தெரிந்தால் படத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்று அவரைப் பூட்டிவைத்துவிட்டு, வேறொருத்தியின் முதுகைக் காட்டி மிச்சத்தை எடுத்துக்கொண்டிருந்தார் முதலாளி.

"எங்க அக்கா தாராவியில இருக்கா. நான் உசிரோட இருக்கேன்னு மட்டும் சொல்லிரு தாயி" என்றார்.

தலையாட்டினேன். சொல்லவில்லை. மழைக்காலத்தில் அந்த அக்காவே கேட்டுக்கு வந்தார். முதலாளி என்னை அனுப்பினார். "ஊட்டியில இருக்காங்க" என்றேன். தீபாவளிக்குப் பலகாரத்தோடு வந்தார். அதையே சொன்னேன். மாலையில் எனக்குக் கேட்டைத் திறந்துவிடுவார்கள். வெளியே வந்த பிறகும் வந்தது போல இருக்காது.

பொங்கல் கழிந்து வெறுங்கையோடு வந்தார். "செத்துட்டான்னா செத்துட்டான்னே சொல்லிரு தாயி. அழுதுட்டுப் போயிருதேன்."

மூன்றாம் தடவையும் ஊட்டி என்று என்னால் சொல்ல முடியவில்லை. "மாடியில இருக்காங்க" என்றேன்.

அவர் உள்ளே ஓடினார். படம் வாங்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கூவியழைக்க, மேலேயிருந்து பதில் குரல் வந்தது. முதலாளி சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தாமே போய்த் திறந்தார். தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளாமல், அத்தனை பேர் முன்னாலும் நடந்து வெளியே போனார்.

"படம் வந்ததும் நானே கொண்டுபோய் விட்டிருப்பேன்" என்றார் முதலாளி என்னிடம். அந்தப் படம் வரவில்லை. பிறகு அவர் எந்தப் படமும் எடுக்கவில்லை.

இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "நீதானே அவங்களை வெளியில கொண்டுவந்தே" என்று என் மகள் பெருமையோடு சொல்வாள். நான் மறுப்பதில்லை. மழைக்காலத்திலேயே வாயைத் திறந்திருந்தால் அந்த அம்மா ஏழு மாதம் முன்னாலேயே வீட்டுக்குப் போயிருப்பார். அதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.