மிளகாய்க்குப் பிறகு கேழ்வரகு

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கார் ஃபேக்டரியின் பெயிண்ட் ஷாப்பில், நிறம் மாற்றும்போது பெயிண்ட் குழாய்க்குள் தின்னர் விட்டுக் கழுவ வேண்டும். செக்லிஸ்டில் நான்காவது வரி அது. இன்று சிவப்பு கரைந்து வடிந்தபோது அப்பாவின் மாவு மில் நினைவுக்கு வந்தது.

1991இல் பென்னலூரில் எனக்கு ஏழு வயது. மிளகாய் அரைத்த பிறகு அப்பா இரண்டு கைப்பிடி அரிசியை மிஷினில் போட்டு அரைப்பார். காரம் அதோடு போய்விடும். அப்புறம்தான் அடுத்தவர் தானியம். ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் வரிசை நீண்டுவிட்டது. அவசரத்தில் அரிசி போட மறந்து, ஸ்டெல்லா அக்காவின் கேழ்வரகைக் கொட்டிவிட்டார்.

மறுநாள் அக்கா கைக்குழந்தையோடு வந்தார். அதன் உதடு சிவந்து வீங்கியிருந்தது.

“இன்னாண்ணே இது, கூழு ஊட்டுனதுலேர்ந்து கத்திக்கினே கீது!”

அப்பா மாவை நாக்கில் வைத்துப் பார்த்தார். “என் தப்புதாம்மா,” என்றார்.

“இனிமே கூழுக்குத் தொட்டுக்க மொளகாயே வேணாம்பா,” என்று வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அந்த வரிசை தண்டலம் மில்லுக்குப் போய்விட்டது. அதன் பிறகும் அப்பா தினமும் காலையில் மில்லைத் திறந்து, இரண்டு கைப்பிடி அரிசி போட்டு மிஷினைச் சுத்தம் செய்தார். மிளகாயும் வரவில்லை, கேழ்வரகும் வரவில்லை.

“கிளியர் ஆயிடுச்சு மேடம்,” என்றார் குழாயில் வடிந்த தின்னரைப் பார்த்த ஆபரேட்டர்.

“இன்னொரு தடவை விடுங்க,” என்றேன்.