இருபத்தைந்து மில்லிமீட்டர்

மெல்பேர்ணுக்குப் போகும்போது மகன் விட்டுவிட்டுப் போன கார் இரண்டு கதவு கொண்டது. சிவப்பு. நிலத்தோடு ஒட்டி ஓடும். வெள்ளவத்தையில் நான் அதிலிருந்து இறங்குவதைப் பார்த்தவர்கள், ஓய்வூதியக்காரனுக்கு இந்த வயதில் என்ன வந்தது என்று நினைத்திருப்பார்கள்.

தயாரித்தவர்கள் அதன் நாலு சக்கரத்துக்கும் கொடுத்தது பதினைந்து அங்குலச் சில்லு. மகன் அதைக் கழற்றி விற்றுவிட்டுப் பதினேழு பூட்டினான். அழகுக்காக. அப்போது நான் செய்தது ஒன்றுதான். அளவு மாறியதைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுதி, அவர்களின் ஒப்புதலைப் பத்திரத்தோடு இணைத்து வைத்தேன். மகன் சிரித்தான். முப்பத்தேழு வருஷம் அரச திணைக்களத்தில் அனுமதிக் கோப்புகளோடு இருந்தவனுக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

பிறகு மனைவியின் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவியது. வார நாட்களில் தினமும் கதிர்ச் சிகிச்சைக்குப் போகவேண்டும் என்றார்கள். வாடகைக்கு நல்ல கார் பிடிப்போம் என்றேன்.

“வேற ஆள் ஓட்டினா வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும். உங்களோட எண்டா முனகலாம்,” என்றாள்.

அப்படி முனகிக்கொண்டே போனாள். அந்தச் சில்லுகளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் காற்று இருந்ததாகவே தெரியாது. ஒரு சின்ன வெடிப்பில் ஏறினாலும் அவளுடைய கை கதவைப் பிடித்துவிடும்.

“இஞ்சேருங்கோ, முன்னால பள்ளம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதானே விழுத்துறீங்கள்.”

முதற்கிழமை முடிந்த சனிக்கிழமை காலையில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டயரின் பக்கத்தில் 205/45 R17 என்று இருந்தது. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. அதாவது தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர் ரப்பரின்மேல் என் மனைவியின் முதுகு போய்க்கொண்டிருந்தது. கதவோரத் தகட்டில் தயாரித்தவர்கள் எழுதியிருந்தது 195/60 R15. பக்கச்சுவர் நூற்றுப்பதினேழு. முழு விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, ஆகவே வேகமானியும் பொய் சொல்லாது. கணக்கு இரண்டு தரம் சரிவந்தது. வித்தியாசம் இருபத்தைந்து மில்லிமீட்டர். பெருவிரலை அகலவாட்டில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அன்றே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மகனுக்குப் பதினேழை விற்ற கடைக்காரரிடம் இதே காரில் கழற்றிய பதினைந்து அங்குலச் சில்லுகள் நாலும் இருந்தன.

“ஒரு மணித்தியாலம் தாங்க சேர், டயரும் போட்டு பூட்டித் தாறன்.”

“பிறகு. முதலில் காப்புறுதிக்கு எழுதிப் பதில் எடுக்கவேணும். பத்திரத்தில் பதினேழு எண்டு இருக்கு.”

“கார் பிறக்கேக்க போட்டிருந்த செருப்பு சேர் இது. இதுக்குமா பெர்மிஷன்?”

“விபத்து ஒண்டு நடந்தா, பணம் தராமல் விட அவங்களுக்கு அது போதும்.”

அவர் சில்லொன்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சேர் பென்ஷன் எடுத்தாச்சு. சேரின்ர பேனை இன்னும் பென்ஷன் எடுக்கேல்ல.”

சில்லுகளை எனக்காக ஒதுக்கி வைக்கச் சொன்னேன். யாருடைய முதுகுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சில்லைப் பூட்டாமல் என்னைப் போகவிட்டிருக்கமாட்டார்.

பதிவுத் தபாலில் விண்ணப்பம் போனது. இரண்டு அளவுகளும், விட்டங்களும், தகட்டின் படமும் இணைப்புகளாக. அவளிடம், அடுத்த கிழமை சில்லு மாறும், முதுகு நோ குறையும் என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் காரில் ஏறுமுன் கேட்பாள்.

“கடிதம் வந்ததோ?”

“இன்னும் இல்லை.”

“சரி, போவம்.”

இரண்டாம் கிழமை நினைவூட்டல் ஒன்று எழுதினேன். மூன்றாம் கிழமை இன்னொன்று, மேலதிகாரிக்குப் பிரதியோடு. விபத்தை நினைத்துத்தான் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. பதில் வராமல் ஒரு காரியத்தைச் செய்த பழக்கம் எனக்கு இல்லை. தாமதமாகப் பதில் அனுப்பும் பழக்கம்தான் இருந்தது. மேசையின் மறுபக்கத்தில் எத்தனை பேர் இப்படி ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்களோ.

நான்காம் கிழமை வைத்தியர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனிக் கொண்டுவரவேண்டாம், வீட்டில் நோ இல்லாமல் வைத்திருங்கள் என்றார். அன்று திரும்பி வந்ததுதான் அவளுடைய கடைசிப் பயணம். பதினேழு அங்குலச் சில்லில்.

ஐந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஒரே வசனம். தயாரிப்பாளரின் மூல அளவுக்குத் திரும்புவதற்கு எமது அனுமதி தேவையில்லை எனத் தங்களுக்கு அறியத்தருகிறோம். கீழே, புதிதாய் வேலைக்கு வந்த யாரோ ஒரு பிள்ளையின் கையெழுத்து. பிழை பிடிக்க ஒன்றுமில்லை. பத்திரத்தின் நிபந்தனைகளைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. மாற்றம் செய்வதற்கான பகுதியை மட்டும் வாசித்திருக்கிறேன்.

அவளோடு பகலில் நிற்கும் பெண் வந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சில்லுகளைப் பூட்டுவித்தேன். திரும்பும் வழியில் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கினேன். கார் மெதுவாக அமிழ்ந்து எழுந்தது. பக்கத்து இருக்கை அசையக்கூட இல்லை. அடுத்த பள்ளத்திலும் இறக்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் விழித்திருந்தாள்.

“சில்லு மாத்தினீங்களோ?”

“ஓம்.”

“எப்படி இருக்கு?”

கோப்பில் ஒருநாளும் பொய் எழுதியவனல்ல நான்.

“பெரிய வித்தியாசம் இல்லையப்பா. முந்தி மாதிரித்தான் தூக்கிப் போடுது.”

“அப்ப பரவாயில்லை,” என்றாள். “நீங்கள் அதை நினைச்சுக்கொண்டு இருக்காதீங்கோ.”