முதுகுக்குப் பின்னால் சூரியன்

தேங்கிய தண்ணீரைக் கண்டால் ஜீவமணி டீச்சர் குடைக்கம்பை விட்டுக் கலக்குவார். அதில் கிடக்கும் சூரியன் துண்டுதுண்டாகச் சிதறிய பிறகுதான் பிள்ளைகளை அந்தப் பக்கம் நடக்க விடுவார். உப்பளத்தில் இது பழகிப்போன வேடிக்கை. "ஏலே, டீச்சர் காப்பி ஆத்த வந்துட்டாவ" என்பான் உப்பு வாரும் மரியான். கங்காணி வெள்ளத்துரைக்குச் சிரிப்பு வராது. "உப்பு விளையுத நேரத்துல பாத்தியைக் கலக்காதீய டீச்சர்" என்று வரப்பில் நின்று கத்துவார்.

டீச்சர் நாசரேத்தில் பிறந்தவர். துறைமுகச் சாலையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வெள்ளைச் சேலை, ரப்பர் செருப்பு, எந்த வெயிலிலும் விரிக்காத கறுப்புக் குடை. வானத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. அதனால் ஆண்டுதோறும் வகுப்பையே உப்பளத்துக்கு நடத்தி வருகிறார். வரப்பின் ஒரு முனையில் சூரியனாக ஒரு தேங்காய். பூமி ஒரு கடுகு. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஒரு பிள்ளை, டீச்சர் "நில்லு" என்று சொல்லும்வரை நடக்க வேண்டும்.

"டீச்சர், வானத்துல சுத்துத அமெரிக்காக்காரன் ஸ்கைலாப் நம்ம தலையிலதான் விழுமாம்லா?"

"விழட்டும்லே. அப்பவாவது ஒன் வாய் மூடும்லா."

பிறகு ஊசித்துளை போட்ட அட்டை. துளை வழியே சூரியனின் உருவம் கீழே பிடித்த தாளில் விழும். அப்போது எல்லா முதுகும் வெயிலுக்கு. திரும்புகிற பிள்ளைக்கு அடி உண்டு. வேறெதற்கும் அவர் அடித்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கிரகணத்தன்றும் இங்கேதான் கூட்டிவந்தார். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதில் கிரகணம் பார்ப்பது ஊர் வழக்கம். பாத்தியைவிடப் பெரிய தாம்பாளம் ஏது என்று அவருக்குத் தோன்றியது. "மேல யாரும் பாக்கக் கூடாது. தண்ணியில பாருங்க" என்றார். அசையாத தண்ணீர், அடியில் வெள்ளை உப்பு. மற்ற பிள்ளைகள் சற்று நேரத்தில் சலித்து விளையாடப் போய்விட்டார்கள். முத்துக்கனி மட்டும் கிரகணம் விடும்வரை கண்ணெடுக்கவில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.

அவள் பார்வையின் நடுவே இப்போது ஒரு கறுப்புப் பொட்டு. தண்ணீரில் தெரிந்த சூரியனே கண்ணைச் சுட்டுவிட்டது, மருந்து கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நேரே பார்த்தால் எதிரே நிற்பவர் முகம் அந்தப் பொட்டுக்குள் போய்விடும். முகம் தெரிய வேண்டுமென்றால் அவர் காதுக்கு அப்பால் அவள் பார்க்க வேண்டும். பள்ளிக்குத் திரும்ப அழைக்கப் போன டீச்சரிடம் அவள் தாய் சீனித்தாய், "போர்டு எழுத்துதான தெரியாது? உப்புக் குவியல் தெரியும்லா" என்றாள். அன்றிலிருந்து தாயும் மகளும் இந்த அளத்திலேயே உப்புச் சுமக்கிறார்கள்.

இந்த ஆண்டு இளையவள் செல்லக்கனி ஐந்தாம் வகுப்பு. அவளை மட்டும் பள்ளியில் விட்டுவர டீச்சருக்கு மனமில்லை. தாயிடம் கேட்கத் தைரியமும் இல்லை. கடுகை அவள் கையிலேயே கொடுத்தார்.

பாதி வரப்புக்கு வருவதற்குள் சீனித்தாய் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். கடுகு உப்பில் விழுந்தது.

"ஒரு பிள்ளை கண்ணு பத்தாதா ஒங்களுக்கு? இவளையும் கொண்டாந்துட்டீயளா?"

"மேலயும் பாக்க மாட்டா, தண்ணியிலயும் பாக்க மாட்டா. நீயே நின்னு பாரு, சீனித்தாய்."

"நான் பாத்தது போதும். நடளா வீட்டுக்கு."

வெறுங்கூடையுடன் முத்துக்கனி வந்து நின்றாள். "விடும்மா. அவ பாக்கட்டும். நான் புடிச்சிக்கிடுதேன்." தாயின் பிடியை விலக்கி, தங்கையின் பின்னால் நின்று, அவள் தலை திரும்பாதபடி இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள். டீச்சர் அட்டையை உயர்த்தினார். செல்லக்கனி பிடித்திருந்த தாளில் பயற்றளவு வெளிச்சம் விழுந்தது.

"எக்கா, சூரியன் என் கையில இருக்கு! நீயும் பாருக்கா!"

முத்துக்கனி குனிந்தாள்.

"ஒனக்குத் தெரியுதா?" என்றார் டீச்சர்.

முத்துக்கனி நிமிர்ந்து, காதுக்கு அப்பால் பார்க்காமல், அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். "தெரியுது டீச்சர்."

ஜீவமணி டீச்சர் அட்டையைச் செல்லக்கனியிடம் கொடுத்தார். பக்கத்தில், உப்பு வாரிச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்த பாத்தியில் இறங்கி, குடைக்கம்பால் கலக்கத் தொடங்கினார்.