வலது முகப்பு விளக்கு

பழுதைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்; மாற்றியதை உடனே எழுதி வைக்க வேண்டும். ஈப்போவில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்னியல் ஆசிரியராக இருந்த காலமெல்லாம், ஒவ்வொரு புதிய வகுப்பின் கரும்பலகையிலும் நான் முதலில் எழுதியது இந்த விதியைத்தான். ஓய்வு பெற்ற பிறகு இதை எனக்கு நினைவூட்ட ஆளில்லாமல் போயிற்று.

கார், கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவருடையது. தோட்டம் எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்டது, கிராணியும் போய்ச் சேர்ந்தார், இங்கிலாந்தில் செய்த அந்த அறுபதுகளின் வண்டி மட்டும் கொட்டகையில் நின்றது. அவருடைய மனைவி அதை எனக்குத் தரச் சம்மதித்தபோது ஒரு கெடு வைத்தார்.

"தைப்பூசத்துக்குள்ள பேர மாத்திக்குங்க தம்பி. பூசத்துக்குப் பெரியவன் கே.எல்.லேருந்து வாரான். வந்தா இரும்புக் கடைக்குத் தள்ளிருவான், நான் சொன்னாலும் கேக்க மாட்டான்."

பெயர் மாற்ற வேண்டுமானால் வாகனப் பரிசோதனையில் தேற வேண்டும். எனக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

சிலிபினில் உள்ள என் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்த அன்று வலது முகப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. சிக்னலைப் போட்டால் அதுவும் சேர்ந்து கண் சிமிட்டியது. மாலையில் பியூஸ் பெட்டியைக் கழற்றி ஒவ்வொன்றையும் தேய்த்துத் துடைத்தேன். மறுநாள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. குறிப்பேட்டில் 'பியூஸ் பெட்டி சுத்தம் செய்யப்பட்டது. பழுது நீங்கியது' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

அதே மாலையில் என் மனைவி அந்தக் காருக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தாள். இறந்தவர் ஓட்டிய வண்டி, சும்மா விடக் கூடாது என்பது அவள் கட்சி. அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

பரிசோதனைக்குப் போன காலை, நிலையத்துக்கு முந்தைய வளைவில் வண்டியை நிறுத்தி, குறடால் அந்தப் பழத்தை வெட்டியெடுத்துக் காருக்குள் ஒளித்தேன். உள்ளே இருக்கும் பரிசோதகர் ஒருவர் என்னிடம் படித்தவர். மின்னியல் ஆசிரியர் மிளகாய் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

"சார், வலது லம்பு மங்குது. சிக்னல் போட்டா டான்ஸ் வேற ஆடுது. பெயில்தான் சார், என்ன செய்ய" என்றார் அந்தப் பழைய மாணவர். அவருக்கு இப்போது என்னைவிட அதிகம் நரைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதலில் பார்த்தது பழம் இல்லாததைத்தான்.

"எங்க அது?"

"விழுந்துருச்சு."

"கம்பி போட்டுக் கட்டுனேன், அது எப்படி விழும்? பொய் சொல்லவும் வரல ஒங்களுக்கு."

அவள் புதியதைக் கட்டிவிட்டு உள்ளே போனாள். நான் மீட்டரை எடுத்தேன். விளக்கு அருமையாக எரிந்தது. மின்சாரம் விளக்கை எரித்தபின் பாட்டரிக்குத் திரும்பும் வழி காரின் தகடுதான். விளக்கின் கறுப்பு வயரைத் தகட்டோடு பிணைக்கும் இடத்தை எர்த் என்போம். அங்கேயும் அளந்தேன். குறையில்லை. ஆனாலும் பல்பை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், இரண்டு நாள் தரையில் படுத்து, குறையில்லாத அந்தக் கறுப்பு வயரைத் தவிர முன்பக்க வயர் முழுவதையும் புதிதாக இழுத்தேன். எல்லாவற்றையும் முறையாக எழுதி வைத்தேன்.

இரண்டாம் முறை. அதே வளைவு, அதே குறடு, அதே மங்கல்.

"சார், நீங்கதானே படிச்சுப் படிச்சு சொன்னீங்க, ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்னு. எத்தன மாத்துனீங்க?"

அன்று மாலையே பரிசோதனை நிலையத்தின் தலைமைக்கு நான்கு பக்கப் புகார் எழுதினேன். என் வீட்டு அளவுகளை இணைத்து, பழுது என் காரில் இல்லை, உங்கள் கருவியில் என்று நிறுவினேன். நல்ல கடிதம். மலாய் மொழியில் ஒரு பிழைகூடக் கிடையாது. பதில் வரவில்லை.

கோலா கங்சாரிலிருந்து போன் வந்தது. "பெரியவன் லீவு எடுத்துட்டானாம் தம்பி" என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா.

தைப்பூசத்துக்கு முன் பரிசோதனைக்கு எனக்குக் கிடைத்த கடைசி நேரம் ஒரு மழைக்காலை. இருட்டாக இருந்ததால் விளக்குகளைப் போட்டபடியே வந்தேன். வளைவில் நிறுத்தி, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, காரின் முன்னால் குந்தினேன். குறடு அழுந்தியது, கம்பி அறுந்தது, என் மணிக்கட்டில் விழுந்த வெளிச்சம் மஞ்சளாகி மங்கியது.

குடையைக் கீழே போட்டேன். பிறகு கம்பியின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தேன். பளிச். விட்டேன். மங்கல்.

நூல் மழையில் அறுந்துபோகும் என்று மனைவி என் பெட்டியிலிருந்த செம்புக் கம்பியில்தான் பழத்தைக் கோத்திருக்கிறாள். ஒரு முனையைக் கைக்கு எட்டிய கறுப்பு வயரின் பித்தளை வளையத்தில் சுற்றி, மறு முனையை பம்பர் தாங்கியில் முறுக்கியிருக்கிறாள். வளையத்தைப் பிடித்திருந்த போல்ட் உள்ளுக்குள் துருவேறிச் செத்துக் கிடந்தது. இத்தனை நாளும் என் மீட்டர் அளந்தது அவளுடைய எர்த்தை.

போல்ட்டைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. என் நேரம் வர இன்னும் பத்து நிமிடம். அறுந்த முனைகளை முறுக்கிச் சேர்த்தேன். பழமும் மிளகாயும் ஆடிக்கொண்டு முன்னே வர, உள்ளே போனேன்.

பரிசோதகர் விளக்கைப் பார்த்தார். சிக்னலைப் பார்த்தார். பிறகு குனிந்து அதைப் பார்த்தார்.

"இது என்ன சார்?"

"எர்த்" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கியபடி பரிசோதனைப் படிவத்தைப் புரட்டினார். "லம்பு பாஸ். இதுக்கு பாரத்துல கட்டமே இல்ல சார். மொதல்லயே தொங்கவிட்டு வந்திருக்கலாம்லா."

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு கார் என் பெயருக்கு வந்தது. போல்ட்டை அறுத்தெடுத்துப் புதியது போட்டுவிட்டேன். இப்போது விளக்கு யார் தயவும் இல்லாமல் எரிகிறது. மனைவி நம்பவில்லை. "அப்ப அவுத்துட்டு ஓட்டிக் காட்டுங்க" என்கிறாள். நான் அவிழ்க்கவில்லை.

புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். பதில் வந்தது. கருவிகள் அனைத்தும் சோதிக்கப்பட்டன, பழுதில்லை. பரிசோதனைக்கு முன் வாகனத்திலிருந்து எதையேனும் அகற்றியிருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கவும் என்றது அது. மனைவி புதுப் பழத்தோடு காருக்கு முன்னால் குந்தியிருந்தாள். குறிப்பேட்டைத் திறந்து முதலில் தேதியை எழுதினேன்: தைப்பூசம் கழிந்து பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை.